கை வைக்கக் கூடாத பட்டியல்

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு கவுன்சில் வரி, அதாவது கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டும் வரி, என்பது, அந்த வீடு 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கில்தான் இன்றைக்கும் முடிவாகிறது. புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடி வீடாக இருந்தாலும் அதே கதைதான். 1991-இல் அது அங்கே நின்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று மதிப்பீட்டு அலுவலகம் ஊகித்து, ஏ முதல் எச் வரையிலான எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் போட்டுவிடும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் எச் பிரிவு மாளிகையில் இருப்பவர், வடகிழக்கே ஹார்ட்டில்பூலில் டி பிரிவு வீட்டில் இருப்பவரைவிடக் குறைவாக வரி கட்டுகிறார். இது அநியாயம் என்று எல்லாக் கட்சிகளிலும் தெரியும். நாடு முழுக்க மறுமதிப்பீடு செய்வோம் என்று வாய் திறந்து சொல்ல இரண்டு பெரிய கட்சிகளின் முன்வரிசையிலும் ஆள் இல்லை.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரு லேபர் எம்.பி.யின் அலுவலகத்தில் சில வருடங்களும், அப்புறம் கட்சியின் கொள்கை வேலைகளில் கொஞ்ச காலமும் இருந்தவன் நான். எந்த எம்.பி. என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கட்சிகளைத் தேர்தல் அறிக்கையை வைத்து எடைபோடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான இன்னொரு பட்டியல் உண்டு. எதில் கை வைத்தால் பதவி போகும் என்ற பட்டியல். அதை யாரும் தட்டச்சு செய்து வைக்கவில்லை, யாரும் யாருக்கும் பாடமாகச் சொல்லித் தருவதும் இல்லை. ஆனால் வேலைக்குச் சேரும் இருபத்திரண்டு வயது ஆய்வாளர்கூட ஆறு மாதத்தில் அதை மனப்பாடமாகச் சொல்வார். லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டுக்கும் அது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்.

கவுன்சில் வரி அதில் ஏறிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. மார்கரெட் தாட்சர் வீட்டு வரியை எடுத்துவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தில் 1989, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990. பிரபுவுக்கும் அவர் வீட்டுத் தோட்டக்காரருக்கும் ஒரே தொகை. 1990 மார்ச் 31-ஆம் தேதி டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம். நவம்பரில் தாட்சர் பதவியில் இல்லை. அவரை எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைனே அடுத்த அமைச்சரவையில் அந்த வரியைக் குழி தோண்டிப் புதைக்கும் பொறுப்பை ஏற்றார். மக்களின் கோபத்தைத் தணிக்கத் தலைவரியில் ஆளுக்கு 140 பவுண்டு குறைத்தார்கள். அந்தப் பணத்துக்காக வாட் வரியை 15-லிருந்து 17.5 விழுக்காடாக ஏற்றினார்கள். 2008 டிசம்பரிலிருந்து ஓராண்டு சொச்சம் தற்காலிகமாக 15-க்கு இறங்கியதைத் தவிர, வாட் அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை, இப்போது 20. ஒரு தப்பான வரியிலிருந்து தப்பித்து ஓட, நாடே முப்பது வருடத்துக்கு மேலாக வேறொரு வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

அவசரத்தில் உருவாகி 1993-இல் நடைமுறைக்கு வந்ததுதான் கவுன்சில் வரி. அதன் பிறகு இங்கிலாந்தில் மறுமதிப்பீடு நடக்கவேயில்லை. வேல்ஸில் மட்டும் 2003 விலையை வைத்து ஒருமுறை செய்தார்கள், 2005-இல் அது அமலானது. மூன்றில் ஒரு பங்கு வீடுகள் மேல் பிரிவுக்குப் போயின. அந்தக் கூச்சலைப் பார்த்த டோனி பிளேர் அரசு, இங்கிலாந்தில் 2007-இல் செய்வதாக இருந்ததை 2005 செப்டம்பரிலேயே தள்ளிப்போட்டது. அறிவித்த அமைச்சர் டேவிட் மிலிபண்ட். தள்ளிப்போட்டது போட்டதுதான்.

இதில் கருவூலத்தின் பங்கு பலருக்குத் தெரியாது. மறுமதிப்பீடு செய்தால் மொத்த வசூல் கூடாது. சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும், அவ்வளவுதான். அதாவது கருவூலத்துக்கு ஒரு காசு லாபம் இல்லை. ஏறியவர் எம்.பி.க்கு நான்கு மின்னஞ்சல் போடுவார், உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் கொடுப்பார். இறங்கியவர் இப்போதாவது ஒழுங்காகப் போட்டார்களே என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நன்றிக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. பணமும் இல்லை, நன்றியும் இல்லை, திட்டு மட்டும் நிச்சயம் என்றால் எந்த அமைச்சர் கையெழுத்துப் போடுவார்?

2025 நவம்பர் பட்ஜெட்டில் லேபர் அரசின் நிதியமைச்சராக ரேச்சல் ரீவ்ஸ் இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடித்தார். 20 லட்சம் பவுண்டுக்கு மேல் பெறுமதியுள்ள வீடுகளுக்கு மட்டும் 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதல் வரி. அந்தப் பணம் கவுன்சிலுக்குப் போகாது, கருவூலத்துக்குப் போகும். மீதி இருக்கும் கோடிக்கணக்கான வீடுகள் 1991-லேயே நிற்கும். அரசியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். வரி முறையாகப் பார்த்தால், ஒழுகும் கூரையில் ஒரே ஒரு ஓடு மட்டும் மாற்றிவிட்டு வெள்ளையடித்த மாதிரி.

அடுத்தது, பட்டியலில் என்னை அதிகம் வருத்துவது, இங்கே சோஷியல் கேர் என்று சொல்லப்படும் முதியோர் பராமரிப்பு. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவர்கள் பிரிட்டனில் மருத்துவம் இலவசம், ஆகவே முதுமையும் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புற்றுநோய் வந்தால் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பார்த்துக்கொள்ளும். மறதிநோய் வந்து, குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் ஆள் தேவைப்பட்டால் அது கவுன்சிலின் கணக்கு, அங்கே சொத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் கையிருப்பு இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. முதியோர் இல்லத்துக்குப் போனால், வீட்டில் துணைவரோ வேறு சில நெருங்கிய உறவுகளோ இல்லாதபட்சத்தில், வீட்டின் விலையும் அந்தக் கணக்கில் சேரும். அந்த 23,250 என்ற எண் 2010-இலிருந்து அசையவில்லை. விலைவாசி எங்கே போய்விட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சரிசெய்கிறோம் என்று சொல்லாத பிரதமர் இல்லை. 1997-இல் பிளேர் கட்சி மாநாட்டில் பேசினார், ராயல் கமிஷன் அமைத்தார், 1999-இல் அறிக்கை வந்தது. ஸ்காட்லாந்து அதன் வழியில் 2002-இல் தனிநபர் பராமரிப்பை இலவசமாக்கியது, இங்கிலாந்து ஆக்கவில்லை. 2010 தேர்தலுக்கு முன் மூன்று கட்சிகளின் சுகாதாரப் பொறுப்பாளர்கள், ஆண்டி பர்னம், ஆண்ட்ரூ லான்ஸ்லி, நார்மன் லாம்ப், வெளியே தெரியாமல் உட்கார்ந்து பேசினார்கள். ஒருமித்து ஒரு வழி காணலாமா என்று நிஜமாகவே முயன்ற தருணம் அது. பேச்சு முறிந்தது. பிப்ரவரியில் கன்சர்வேட்டிவ் கட்சி, அப்போதைய லேபர் பிரதமரைக் குறிவைத்து, கல்லறைக் கல் படம் போட்டு ஒரு சுவரொட்டி ஒட்டியது: நீங்கள் செத்தால் கோர்டன் பிரவுனுக்கு 20,000 பவுண்டு வேண்டுமாம். மரண வரி என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏழு வருடம் கழித்து அதே கணக்கு லேபர் பக்கமிருந்து தீர்க்கப்பட்டது. 2017 மே 18-ஆம் தேதி கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே தேர்தல் அறிக்கையை வெளியிட்டார். வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவர்களின் வீட்டு விலையையும் கணக்கில் சேர்ப்போம், ஆனால் ஒரு லட்சம் பவுண்டு மிஞ்சும்படி பார்த்துக்கொள்வோம் என்பது திட்டம். அதன் நியாய அநியாயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். பேச யாருக்கு நேரம் இருந்தது? மறதிநோய் வரி என்ற பெயர் வார இறுதிக்குள் எல்லா வீட்டு வாசலுக்கும் போய்விட்டது. நான்காம் நாள், மே 22, ரெக்ஸமில் நின்றுகொண்டு அவர் பின்வாங்கினார், பின்வாங்கிக்கொண்டே எதுவும் மாறவில்லை என்றும் சொன்னார். ஜூன் 8-ஆம் தேதி அவருடைய பெரும்பான்மை போனது. அன்றைக்கு எங்கள் கட்சிக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது நியாயமான பழிவாங்கல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு பெயர்களும் சேர்ந்து ஒரு துறையையே கொன்றுவிட்டன.

நடுவில் ஆண்ட்ரூ டில்னட் தலைமையிலான குழு 2011-இல் ஒரு வழி சொன்னது: ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குச் செலவழிக்க வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு, அதற்கு மேல் அரசு. 35,000 பவுண்டு என்றார்கள். 2014-இல் சட்டமே போட்டார்கள், தொகை 72,000 ஆனது, தொடக்கம் 2016 என்றார்கள். 2015 ஜூலையில் அதை 2020-க்குத் தள்ளினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். போரிஸ் ஜான்சன் பதவியேற்ற அன்றே திட்டம் தயார் என்று டவுனிங் தெருவில் நின்று சொன்னார். இரண்டு வருடம் கழித்து 86,000 பவுண்டு உச்சவரம்பு, அதற்கு, சம்பளத்தில் பிடிக்கும் தேசிய காப்புறுதியில் 1.25 விழுக்காடு புள்ளி உயர்வு என்று அறிவித்தார். தொடங்கும் நாள் 2023 அக்டோபர். வரி உயர்வை லிஸ் டிரஸ் அரசு நீக்கியது. தொடங்கும் நாளை நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் 2025-க்குத் தள்ளினார். 2024 ஜூலை 29-ஆம் தேதி ரீவ்ஸ் முழுதாகக் கைவிட்டார்.

அந்த ஜூலை 29 முக்கியமான நாள். அன்றைக்கேதான் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையையும் வெட்டினார்.

1997-இல் நிதியமைச்சராக இருந்தபோது பிரவுன் கொண்டுவந்தது அது. ஓய்வூதியர் இருக்கும் வீட்டுக்குக் குளிர்காலத்தில் 200 பவுண்டு, எண்பது வயது தாண்டியிருந்தால் 300. கோடீஸ்வரருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. கொள்கையளவில் பணக்கார முதியவர்களுக்கு அதை நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லேபரின் 2015 தேர்தல் அறிக்கையிலேயே மேல்தட்டு ஐந்து விழுக்காட்டினருக்கு நிறுத்துவோம் என்று இருந்தது. ஆனால் ரீவ்ஸ் கோடு போட்ட இடம் பென்ஷன் கிரெடிட். மிகவும் வறிய முதியவர்களுக்கான உதவி அது, அதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் எட்டு லட்சத்துக்கும் மேல் இருந்தன. ஒரே அறிவிப்பில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தொகை நின்றது. மிச்சம் சுமார் 140 கோடிப் பவுண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடிப் பவுண்டுக்கு மேல் செலவழிக்கும் அரசு இது.

அந்தக் குளிர்காலத்தில் ஹாரோ பக்கம் கதவு தட்டப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், வருகிற தொகை பென்ஷன் கிரெடிட் வரம்புக்குக் கொஞ்சம்தான் மேலே. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் ஏசினார். “தம்பி, அந்த இருநூறு பவுண் இல்லாட்டி நான் சாகப்போறதில்லை. பிள்ளையள் பாக்குங்கள். ஆனா வோட்டுக் கேக்க வரேக்க இதை ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்னிடம் அச்சடித்துக் கொடுத்திருந்த பதில் இருந்தது. முந்தைய அரசு விட்டுப்போன 2,200 கோடிப் பவுண்டு பள்ளம், டிரிப்பிள் லாக் என்ற ஓய்வூதிய உயர்வு வாக்குறுதியால் உங்கள் ஓய்வூதியம் ஏறும், இத்யாதி. கட்சித் தலைமையகம் காலையில் அனுப்பும் இந்த வரிகளை நாங்கள் எல்லோரும் பாடமாக்கிக்கொண்டு போவோம். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சரி அம்மா, சொல்லுறன் மேல” என்றேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேலே எல்லோருக்கும் அது ஏற்கெனவே போய்விட்டது என்று.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஒரு கொள்கைக்கு வரும் கோபத்துக்கும் அதில் மிஞ்சும் பணத்துக்கும் தொடர்பே கிடையாது. முதியோர் பராமரிப்பை முழுதாக மாற்றியிருந்தாலும் ஏறக்குறைய இதே அளவு கோபம்தான் வந்திருக்கும், ஆனால் ஐந்து வருட முடிவில் காட்ட ஏதாவது இருந்திருக்கும். கவுன்சில் வரியும் அப்படித்தான். 174 பெரும்பான்மையோடு வந்த அரசு, அதன் முதல் மாதத்தில், தன்னிடமிருந்த நல்லெண்ணத்தில் பெரும்பகுதியை 140 கோடிக்கு விற்றது. ஏன் சின்னதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், கருவூலத்தின் கணக்குப் புத்தகத்தில் அதுதான் உடனே வரவாகும். பெரிய சீர்திருத்தம் முதல் மூன்று நான்கு வருடம் செலவுப் பத்தியில்தான் இருக்கும்.

அந்த 174-ஐயும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 4-இல் லேபர் வாங்கியது 33.7 விழுக்காடு வாக்கு, கிடைத்தது 411 இடம். அதாவது மிகப் பல எம்.பி.க்கள் மெல்லிய வித்தியாசத்தில் வந்தவர்கள், வந்த நாளிலிருந்தே 2029-ஐ நினைத்துத் தூக்கம் வராதவர்கள். இந்தியாவில் இருப்பதுபோல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே கிடையாது. கொறடாவை மீறி வாக்களித்தால் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்குவார்கள், எம்.பி. பதவி அப்படியே இருக்கும். ஆகவே கொறடாக்களின் ஆயுதம் பயமும் ஆசையும் மட்டும்தான். இரண்டு குழந்தைக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற 2017-ஆம் ஆண்டு விதியை நீக்கச் சொல்லி 2024 ஜூலையில் எதிர்த்து வாக்களித்த ஏழு லேபர் எம்.பி.க்களை உடனே இடைநீக்கம் செய்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அது பாடமாக இருக்கட்டும் என்று எண்ணம். செப்டம்பரில் எரிபொருள் உதவித்தொகை வாக்கெடுப்பில் பலன் தெரிந்தது: 348-க்கு 228. எதிர்த்து வாக்களித்த லேபர் எம்.பி. ஒரே ஒருவர். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் வாக்களிக்கவில்லை, அவர்களில் சிலர் நிஜமாகவே ஊரில் இல்லை.

பாடம் அப்புறம் தலைகீழானது. 2025 மே மாதம் ரன்கார்ன் இடைத்தேர்தலில் 14,696 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்த தொகுதியை லேபர் ஆறே வாக்கில் ரிஃபார்ம் கட்சியிடம் இழந்தது. அன்றைய உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 677 இடம் எடுத்தது. ஜூன் 9-ஆம் தேதி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள எல்லா ஓய்வூதியருக்கும் எரிபொருள் தொகை திரும்பும் என்று ரீவ்ஸ் அறிவித்தார். மிச்சமானது 45 கோடிப் பவுண்டு. வாசலில் நின்று திட்டு வாங்கியவர்கள், உதவித்தொகையை வெட்டியதை நியாயப்படுத்திக் கடிதம் எழுதியவர்கள், எல்லோரும் அம்போ என்று நின்றார்கள். அன்றைக்கே எம்.பி.க்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இனி தலைமைக்காக ஏச்சு வாங்கினால், தலைமை பாதியில் விட்டுப் போய்விடும்.

அதன் விளைவு மூன்று வாரத்தில் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையைச் சுருக்கி ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கோடிப் பவுண்டு மிச்சம் பிடிக்கும் மசோதா. 120-க்கும் மேற்பட்ட லேபர் எம்.பி.க்கள் எதிர்ப்புத் திருத்தத்தில் கையெழுத்திட்டார்கள், வழக்கமான கலகக்காரர்கள் மட்டும் அல்ல, நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்களும் இருந்தார்கள். ஒரு கொறடாவே, விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட், ராஜினாமா செய்தார். ஜூலை 1-ஆம் தேதி, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து மசோதாவின் முக்கியப் பிரிவை நீக்குவதாகச் சொன்னார். எம்.பி.க்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இப்போது நாம் எதற்கு வாக்களிக்கிறோம் என்று. அப்படியும் 49 லேபர் எம்.பி.க்கள் எதிர்த்தார்கள். ஏழு பேர் எதற்காக நீக்கப்பட்டார்களோ அந்த இரண்டு குழந்தை விதியையும் 2025 நவம்பர் பட்ஜெட்டில் அரசே ரத்து செய்தது. அந்த மாதத் தொடக்கத்தில் வருமான வரியை ஏற்றப்போவதாக ஊரையே தயார்ப்படுத்திவிட்டு, பட்ஜெட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் அதையும் கைவிட்டார்கள். அடிப்படை வருமான வரி விகிதத்தை ஒரு நிதியமைச்சர் கடைசியாக ஏற்றியது 1975-இல்.

பெட்ரோல் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-இலிருந்து 2025 வரை அது ஏறவில்லை, 2022-இல் ஒரு வருடத்துக்கு என்று ஐந்து பென்ஸ் குறைத்தது பிறகு ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போனது. ஆனால் அடுத்த வருடம் ஏறும் என்பதே அரசின் அறிவித்த கொள்கையாக இருப்பதால், அரசின் வரவு செலவை முன்கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் அது ஏறும் என்றே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்த வராத பணத்தை வரவில் காட்டித்தான் ஒவ்வொரு நிதியமைச்சரும் தன் கணக்கைச் சரிக்கட்டினார். டிரிப்பிள் லாக்கும் பட்டியலில் உண்டு. சம்பள உயர்வு, விலைவாசி, 2.5 விழுக்காடு, மூன்றில் எது அதிகமோ அந்த அளவு ஓய்வூதியம் ஏறும். 2029–30-இல் அதற்கு ஆகும் கூடுதல் செலவு 1,550 கோடிப் பவுண்டு, தொடங்கியபோது நினைத்ததைப்போல் மூன்று மடங்கு. இதில் கை வைக்க எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. 2000-இல் பிரவுன் ஓய்வூதியத்தை வாரத்துக்கு 75 பென்ஸ் மட்டும் ஏற்றியதை முதியவர்கள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

முதியோர் பராமரிப்புக்கு இப்போது லூயிஸ் கேஸி தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவித்தார்கள், இறுதி அறிக்கைக்குக் கெடு 2028. அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும். கேஸி கண்டிப்பானவர், நல்ல அறிக்கைதான் தருவார். ஆனால் அது எந்த மாதத்தில் வெளியாகிறது என்று பாருங்கள். நாடாளுமன்றம் கோடை விடுமுறைக்குக் கலையும் கடைசி நாட்களில், அரசாங்கங்கள் யாரும் படிக்க வேண்டாம் என்று நினைப்பதையெல்லாம் கட்டுக்கட்டாக வெளியிடும். உச்சவரம்பைத் தள்ளிப்போட்டது 2015 ஜூலை, கைவிட்டது 2024 ஜூலை. கேஸியின் அறிக்கை ஜனவரியில் வந்தால் நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார். ஜூலையில் வந்தால், கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.